மூடினால் அணையும்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை போகிற போக்கில் என்னை நானே நல்லவனாக்கிக்கொள்வேன். பதினான்கு வருட ஆசிரியத் தொழிலில் எனக்கு உருப்படியாகக் கைவந்த கலை அது ஒன்றுதான்.

நான் விமலன். கிள்ளானில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஐந்தாம் ஆண்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அறிவியல் கூடம் என்று ஓர் அறை உண்டு. அதில் விளையாட்டுப் போட்டிக் கூடாரங்களும் கால் ஒடிந்த நாற்காலிகளும் குடியிருக்கின்றன. ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எரிதல் பாடத்தைச் சிற்றுண்டிச்சாலை மேசையில் நடத்தினேன். சிற்றுண்டிச்சாலை நடத்தும் தனலெட்சுமி அக்கா மூன்று ஊறுகாய் போத்தல்களைக் கழுவிக் கொடுத்தார்: சின்னது, நடுத்தரம், பெரியது.

"ஒடைச்சிட்டீங்கன்னா வேற வாங்கித் தரணும் சார், இப்பவே சொல்லிட்டேன்."

பிள்ளைகளே மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள், பிள்ளைகளே போத்தலைக் கவிழ்த்தார்கள். சின்னப் போத்தலில் சுடர் எட்டு விநாடியில் செத்தது. நடுத்தரத்தில் பத்தொன்பது. பெரியதில் நாற்பத்து மூன்று. கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தவள் தாமரை. பதினொரு வயது. சொன்னால் சொன்னபடியே செய்கிற பிள்ளை. கோட்டுக்குள் எழுது என்றால் கோட்டைத் தொடாமல் எழுதுவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டால் ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பயப்பட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

"சார், பெரிய போத்தல திரும்பச் செய்யணும்."

"ஏம்மா?"

"குகன் மேசைய ஆட்டிட்டான். கணக்கு சரியா வராது."

"ஆட்டல லா! தும்மல் வந்துச்சு!" என்றான் குகன்.

மறுபடி செய்தோம். நாற்பத்து நான்கு. அவள் பழைய எண்ணை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள்.

அதற்குப் பிறகு நான் என் வழக்கமான நாடகத்தைத் தொடங்கினேன். "நெருப்பு ஒரு சாப்பாட்டுராமன். அவனுக்கு மூணு வேணும். எரியிறதுக்கு ஒரு பொருள், சூடு, காத்து. காத்த நிப்பாட்டு, ஆளு காலி. மூடினா?"

"அணையும்!" என்று ஒன்பது பேரும் கத்தினார்கள். தனலெட்சுமி அக்காகூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"போத்தல் ஒரு வீடு அளவுக்குப் பெருசா இருந்தா சார்?" என்று கேட்டாள் தாமரை.

"அப்பவும் அணையும். என்ன, கொஞ்சம் நேரம் புடிக்கும். நீ பக்கத்துல உக்காந்து டைம் பாத்துக்கிட்டே இரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்காமல் அதையும் குறித்துக்கொண்டாள்.

பாடக் குறிப்பில் இன்னும் பதினைந்து நிமிடப் பாடம் பாக்கி இருந்தது. போத்தலுக்குள் நெருப்பு தின்று தீர்க்கிற காற்றுதான் நாம் மூச்சு விடுகிற காற்றும். நெருப்புக்கு முன்னால் புகை ஆளைக் கொல்லும். சின்ன நெருப்பை மூடியால் மூடலாம், முடியாவிட்டால் எதையும் தொடாமல் வெளியே ஓடி ஆளைக் கூப்பிட வேண்டும். அழகாகத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் படம் எடுப்பதில் போய்விட்டது.

அன்று மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயிலரங்கு. 'செய்முறை வழி அறிவியல்'. ஏழு நிமிடம் படைக்க எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி படத்தில் மங்கலாகத் தெரிந்ததால் சன்னலைச் சாத்தி மறுபடி ஏற்றச் சொன்னேன். குகன் கண்ணை மூடிவிட்டான், மறுபடி. என் நிழல் விழுந்துவிட்டது, மறுபடி. மணி அடித்தது. "மிச்சத்த அடுத்த பாடத்துல பாத்துக்கலாம்," என்றேன்.

இதுதான் குற்றம். இனிமேல் நடந்ததைச் சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நாற்பது ஆசிரியர்கள், நாற்பது கறிபாப், ஒரே ஒரு வேலை செய்கிற மின்விசிறி. எனக்குப் பக்கத்தில் ரவாங்கிலிருந்து வந்த கன்னையா என்கிற ஆசிரியர். பத்து நிமிடப் பழக்கம்தான்; அதற்குள் தன் கறிபாப்பையும் தின்று என்னுடையதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு என்னை அழைத்தார்கள். கைப்பேசியை ஊமையாக்கி மேசைமேல் வைத்துவிட்டு மேடையேறினேன்.

திரையில் தாமரையின் முகம். சுடரின் வெளிச்சம் கன்னத்தில் விழ, கடிகாரத்தைப் பார்த்தபடி குனிந்திருந்தாள். உண்மையிலேயே நல்ல படம். "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்," என்றேன். "இவளுக்கு இனி எரிதலைப் பற்றிப் புத்தகம் தேவையில்லை. கையால் கற்றது வாழ்நாள் முழுக்க நிற்கும்." கை தட்டினார்கள். நான் தலையைச் சற்றே தாழ்த்தி, அடக்கமானவன் போல ஏற்றுக்கொண்டேன்.

இறங்கி வந்து கைப்பேசியைப் பார்த்தபோது மூன்று பன்னிரண்டு. ஐந்தாம் ஆண்டுப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், தாமரையின் அம்மா ரமணியின் பழைய எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு. மூன்று எட்டுக்கு வந்தது. மகளுக்காக ரமணி வீட்டில் விட்டுப் போகிற கைப்பேசி அது. காதில் வைத்தேன்.

"சார், தாமரை பேசுறேன் சார். கெரோப்போக் பொரிச்சேன், எண்ணெ பத்திக்கிச்சு சார். தண்ணி ஊத்தல. மூடி தேடுனேன், கெடைக்கல. அதான் வீட்டையே மூடிட்டேன். சன்னல் எல்லாம் சாத்திட்டேன். வாசக் கதவுக்கு உள்கொண்டி போட்டு, அடியில துண்ட வச்சு அடைச்சிட்டேன். இப்ப ரெண்டு நிமிசம் பத்து செகண்டு. இன்னும் அணையல சார். எவ்ளோ நேரம் ஆவும்?"

குரலில் பயமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பதிவுக்குக் கீழே அதற்குள் ஆறு பதில்கள் வந்திருந்தன. "நோட்டட் சார்." "நன்றி சார்." "நோட்டட்." ஒரு கும்பிடும் கை. இன்னொரு "நோட்டட் சார்." ஒரு பூங்கொத்து.

அவர்களைத் திட்டாதீர்கள். பழக்கியது நான். பல் பரிசோதனை, டிங்கி கொசு, வெள்ளைச் சப்பாத்து, மூன்று படிவம், அதற்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் என்று ஒரு நாளைக்கு இருபது தகவல் அனுப்புவேன். பதில் வராவிட்டால் "பெற்றோர் கவனத்திற்கு" என்று மறுபடி அனுப்புவேன். பாவம், அவர்கள் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: குழுவில் எது வந்தாலும், திறக்காமல், யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல், உடனே ஒரு நோட்டட். தாமரையின் குரலை அந்தக் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ரமணியின் இன்னோர் எண்ணை அழைத்தேன். அவர் வேலை செய்யும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். தெரிந்தும் அழைத்தேன்.

"என்னா சார், மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் கன்னையா.

பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்கவில்லை. பாதியிலேயே தன் கைப்பேசியை எடுத்து அவசர எண் 999 அடித்துவிட்டார். மலாயில் படபடவென்று பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "அலாமாட்? அலாமாட்?" என்று முகவரியைக் கேட்டது.

"அட்ரஸ் சொல்லுங்க சார்!"

"பண்டமாரான் பக்கம்... பிளாட்... மஞ்சப் பெயின்ட்டு."

"எந்த பிளாக்? எந்த மாடி?"

தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் இரத்த வகை வரைக்கும் என் கையால் படிவத்தில் எழுதியிருக்கிறேன். முகவரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒன்றுகூட மண்டையில் நிற்கவில்லை. படிவம் பள்ளி அலுவலகத்தில் இருந்தது, அலுவலகத்தை மூடியாயிற்று.

குழுவில் எழுதினேன். "தாமரை வீட்டில் தீ! பக்கத்தில் யார் இருக்கிறீர்கள்? உடனே ஓடுங்கள்!" அவசரத்தில் 'தீ' இரண்டு முறை 'தி' ஆனது. அனுப்பினேன்.

"நோட்டட் சார்," என்று வந்தது. குகனின் அப்பா. அடுத்தது சுலைகா: "நன்றி சார்," ஒரு கும்பிடும் கை.

சுலைகா! எங்கள் வகுப்பு ஹுமைராவின் அம்மா. ஹுமைராவும் தாமரையும் ஒரே வேனில், ஒரே நேரத்தில், ஒன்றாகத் தாமதமாக வருகிறவர்கள். வீடு அடுத்தடுத்து. இடையில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

அழைத்தேன். துண்டித்தார். மறுபடி அழைத்தேன். மறுபடி துண்டித்தார். நியாயம்தான். நான் ஒரு பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தால் அது புகாராகத்தான் இருக்கும். ஹுமைரா போன வாரம் ஒரு பையனின் தலையில் பசை ஊற்றியிருந்தாள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

மூன்றாவது முறையும் துண்டித்தபோது எனக்கு அழுகை வந்தது. மண்டபத்தில் மேடையேறிய அடுத்த ஆசிரியை காந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஒன்று தோன்றியது. சுலைகாவுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன்: "வாழ்த்துகள்! ஹுமைராவுக்கு மாநில அளவில் முதல் பரிசு. உடனே அழைக்கவும்."

பத்து விநாடிகூட ஆகவில்லை.

"சார்! அல்ஹம்துலில்லாஹ்! எதுல சார்? ஓவியமா?"

"அக்கா, பரிசு ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டுல நெருப்பு. தாமரை உள்ள இருக்கா. ஓடுங்க!"

"ஐயோ, போங்க சார். உங்களுக்கு எப்பவும் வெளையாட்டுதான்."

அந்த ஒரு வாக்கியத்தில் என் பதினான்கு வருடமும் திரும்பி வந்து அறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் சிரிப்பு காட்டுவேன், தேர்வு முடிவு கொடுக்கும்போதும் சிரிப்பு காட்டுவேன். விமலன் சாரா, ஜாலியான ஆளு. ஜாலியான ஆள் தீ என்று கத்தினால் யார் நம்புவார்கள்?

"அக்கா, ஒங்க ஹுமைரா மேல சத்தியம். மோந்து பாருங்க. மோந்து மட்டும் பாருங்க."

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "யாரோ கீழ சாத்தே சுடுறாங்கன்னுல்ல நெனச்சேன்..." கதவு திறக்கும் சத்தம். பிறகு ஓர் அலறல். அந்த அலறலை இப்போது எழுதும்போதும் என் காது கேட்கிறது. "யா அல்லாஹ்! சன்னல் கண்ணாடி பூரா கருப்பா இருக்கு சார்!"

"பிளாக் என்னா? வீட்டு நம்பர்?"

"சி பிளாக், நாலாவது மாடி, பதினொண்ணு!"

கன்னையா அதை அப்படியே 999க்குக் கத்தினார்.

"கிரில் சாவி எங்கிட்டதான் சார் இருக்கு," என்று அழுதார் சுலைகா. "ரமணி குடுத்துட்டுப் போவும். பிள்ளைங்க வேன்ல வந்தவொடனே நாந்தான் உள்ள விட்டுப் பூட்டுவேன். நாந்தான் சார் பூட்டுனேன், நாந்தான் பூட்டுனேன்."

"திறங்க அக்கா!"

கொத்துச் சாவி குலுங்கியது, விழுந்தது, மறுபடி குலுங்கியது. இரும்புக் கிரில் இழுபட்டது. பிறகு மரக்கதவை அறைகிற சத்தம். "தாமர! தாமர! உள்ள கொண்டி போட்டிருக்கு சார், தெறக்க மாட்டேங்குது! என்னங்க, இங்க வாங்க!" வீட்டுக்காரர் யாசினைக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது.

கன்னையாவின் கைப்பேசியைப் பிடுங்கித் தாமரையின் எண்ணை அடித்தேன். ஒரு காதில் சுலைகா கதவை இடிக்கிறார். இன்னொரு காதில் மணி அடிக்கிறது. நான்காவது மணியில் எடுத்தாள்.

"சார்?" உடனே இருமல். "பதினோரு நிமிசம் ஆயிருச்சு சார். தெரை பத்திக்கிச்சு. இன்னும் அணையல. போத்தல் பெருசு, அதான்."

"தாமரை, கேளு. எழுந்திரு. கதவத் தொற. வெளிய போ."

"கதவத் தொறந்தா காத்து வந்துரும்ல சார்?"

"வரட்டும்! தொற!"

"காத்து வந்தா பெருசா எரியும் சார். இவ்ளோ நேரம் மூடி வச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல..." இருமி இருமி அந்த வாக்கியம் முடியவே இல்லை.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். என் பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்கிறாள், ஒரு வார்த்தை பிசகாமல். ஆக்சிஜன், புகை, நச்சு வாயு என்று நான் ஏதேதோ உளறினேன். திட்டினேன். கெஞ்சினேன். "சார் சொல்றேன்ல, தொற!" என்று கத்தினேன். மண்டபத்தில் காந்தம் நின்றுவிட்டது; நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க," என்றாள். குரல் தேய்ந்து ஒரு நூலாகியிருந்தது. "மூடினா அணையும்னு."

"நான் சொன்னது தப்பு."

மறுமுனையில் ஓர் இருமல்.

"தாமரை, சார் தப்பா சொல்லிட்டேன். முழுசா சொல்லல. அந்தக் காத்து ஒனக்கும் வேணும்மா. போத்தலுக்குள்ள நீயும் இருக்க. சார் தப்பு பண்ணிட்டேன். தொறந்துரு தங்கம், தொறந்துரு."

என் வகுப்பில் நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால், "யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு பாத்தேன்" என்று சமாளிக்கிற ஆள் நான். அதனால்தான் அவள் திகைத்துப் போயிருக்க வேண்டும். எதிலோ இடிக்கிற சத்தம். கைப்பேசி தரையில் விழுந்தது. ஓர் இருமல், தூரத்தில். இன்னொன்று, அதைவிடத் தூரத்தில். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இன்னொரு கைப்பேசியைப் பார்த்தேன். சுலைகாவின் அழைப்பும் அறுந்திருந்தது.

கன்னையா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அவருடைய பழைய காரில் ஏறினோம். அவர் போக வேண்டிய ரவாங் வடக்கே, கிள்ளான் மேற்கே. அவர் ஒன்றும் கேட்காமல் மேற்கே திருப்பினார். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றிருந்தன.

"பேசிக்கிட்டே வாங்க சார்," என்றார். "சும்மா இருந்தா கெட்டதா நெனப்பீங்க."

எனக்குப் பேச வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. சுலைகாவை அழைத்துக்கொண்டே இருந்தேன். அவர் எடுக்கவில்லை, இந்தமுறை புகாருக்குப் பயந்து அல்ல என்று மட்டும் தெரிந்தது.

சுபாங் தாண்டும்போது குழு விழித்துக்கொண்டது. யாரோ ஒருவர் ஒருவழியாகக் குரல்பதிவைக் கேட்டுவிட்டார் போல. "என்ன சார் ஆச்சு?" "கடவுளே." கரும்புகை வரும் ஒரு பிளாட்டின் படம், கீழே இருந்து எடுத்தது. அதற்குக் கீழே குகனின் அப்பா, ஏற்கெனவே செய்து வைத்திருந்த படம் ஒன்றைப் போட்டார்: வெள்ளைப் பூ, ஒரு விளக்கு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்'. உடனே இன்னொரு பூ. இன்னொரு விளக்கு. ஐந்து நிமிடத்தில் பதினான்கு அனுதாபங்கள்.

அவருக்குத் தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா? கேட்டு எழுதினேன். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டே போனார்கள்.

ஆக, சுபாங்கிலிருந்து ஷா ஆலம் வரைக்கும் தாமரை எனக்குச் செத்துப் போயிருந்தாள். இருபத்தைந்து நிமிடம். "ஓரமா நிப்பாட்டுங்க," என்றேன். நெடுஞ்சாலை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன். கறிபாப்தான் வந்தது. கன்னையா என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். "இன்னும் நமக்குத் தெரியாது சார். தெரியாத வரைக்கும் ஒண்ணும் இல்ல," என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

ரமணியிடம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். 'ஒங்க பொண்ணு நான் சொன்னத அப்படியே செஞ்சா.' அடித்தேன். 'நான் படம் எடுத்துக்கிட்டிருந்தேன்.' அதையும் அடித்தேன்.

மறுபடி காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது சுலைகாவின் குரல்பதிவு வந்தது. கை போகவில்லை. கன்னையாதான் அழுத்தினார்.

"சார், பொம்பா வந்துட்டாங்க, நெருப்ப அணைச்சிட்டாங்க. இவரு கதவ இடிக்கலாம்னு தோள வச்சாரு, அதுவா தொறந்துக்கிச்சு சார். கொண்டிய அவளே எடுத்துருக்கா. கதவுக்குப் பின்னாடியே சுருண்டு கெடந்தா. இவருதான் தூக்கிட்டு வந்தாரு. மூச்சு இருக்கு சார், மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸ்ல கொண்டு போறாங்க. நானும் கூட இருக்கேன். ரமணி ஃபேக்டரிக்கு ஆளு அனுப்பியாச்சு."

மூன்று முறை கேட்டேன். குழுவில் எழுதினேன்: "தாமரை உயிரோடு இருக்கிறாள்."

முதல் பதில் அரை நிமிடத்தில் வந்தது. "நோட்டட் சார்."

கன்னையாவும் நானும் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். பக்கத்தில் ஊர்ந்த லோரி ஒலி எழுப்பியது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மருத்துவமனையில், அவசரப் பிரிவுக்கு வெளியே ரமணி நின்றிருந்தார். தொழிற்சாலையின் நீலச் சட்டை, தலையில் இன்னும் கழற்றாத வலைத்தொப்பி. உட்காரச் சொன்ன சுலைகாவின் கையை உதறிக்கொண்டிருந்தார். புகை உள்ளே போயிருக்கிறது, விழித்துக்கொண்டாள், இரண்டு நாளைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னதாகச் சுலைகா சொன்னார்.

காரில் எழுதி வைத்த எதுவும் கைகொடுக்கவில்லை. "அக்கா, நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றேன். "மூடினா அணையும்னு. வெளிய ஓடணும்னு சொல்லல. நேரம் இருந்துச்சு. படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரமணி தலையிலிருந்த வலைத்தொப்பியை இழுத்துக் கழற்றினார். "நான் என் பொண்ண வெளிய பூட்டு போடச் சொல்லிட்டுப் போனேன் சார்," என்றார். "அவ மொதல்லயே ஓடணும்னு நெனச்சிருந்தாலும் எங்க ஓடியிருப்பா?"

"சாவி எங்கிட்ட இருந்துச்சு," என்று சுலைகா மெதுவாகச் சொன்னார்.

மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றோம். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. தாதி வந்து, இரண்டு பேர் போகலாம், ஐந்து நிமிடம் மட்டும் என்றார். சுலைகா என்னைப் பார்த்தார். ரமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனேன்.

வெள்ளை விரிப்பில் தாமரை ரொம்பச் சின்னதாக இருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் முகமூடி. மூக்கின் ஓரத்தில் துடைத்தும் போகாத கரி. கண் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழுதாள், சத்தம் வராமல். ரமணி அவள் தலையை மார்போடு அணைத்து, கரி பிடித்த முடியைக் கோதிக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு காட்டினால் சிரிப்பாள் என்று தெரியும். நாக்கின் நுனிவரை ஏதோ வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தாமரை," என்றேன். "சின்ன நெருப்புன்னா மூடி போட்டு மூடலாம். அதுக்கு மேலன்னா ஒண்ணும் பண்ணக் கூடாது. கதவத் தொறந்து வெளிய ஓடணும். அப்புறந்தான் மத்ததெல்லாம். சரியாம்மா?"

காலையில் இதே பிள்ளை நான் சொல்லி முடிக்கும் முன்னே எழுதிக்கொண்டாள். இப்போது தலையாட்டவில்லை. என் முகத்தையே பார்த்தாள், பெரிய போத்தலை இரண்டாம் தடவை பார்த்ததுபோல. அப்புறம் மெல்ல அம்மா பக்கம் திரும்பி, முகமூடியைச் சற்று விலக்கி, கரகரத்த குரலில் கேட்டாள்.

"நெசமாவா மா?"

ரமணியின் கை நின்றது. அவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சரியாகத்தான் சொன்னேனா என்று அவருக்கும் உறுதியில்லை.

"ஆமாண்டி," என்றார். "நெசந்தான்."

அதன்பிறகுதான் அவள் தலையாட்டினாள், முகமூடியைத் தானே சரியாகப் பொருத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அவளுடைய மூச்சு ஏறி இறங்குவதைத் தாதி வந்து வெளியே போகச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.